மலைப்படத் தொகுப்பின் மூன்றாம் பாட்டு

ஞாயிற்றுக்கிழமைகளில் என் தம்பிக்கும் எனக்கும் ஒரு வழக்கு நடக்கும். ஜெபம் முடிந்து வீடு திரும்பி, உண்டு கைகழுவியபின், ஒரே இயர்போனின் இரு முனைகளையும் ஆளுக்கொரு காதில் செருகிக்கொண்டு, இரண்டு இசைத்தொகுப்புகளில் எது மேலானது என்று தீர்ப்புக் கூறுவோம். தீர்ப்பு வருமுன் பெரும்பாலும் தேநீர் வந்துவிடும்.

நாங்கள் கேட்டது அட்மாஸ்பெரிக் பிளாக் மெட்டல் என்னும் வகை இசை. ஒரு பாட்டு பத்து, பதினைந்து நிமிடம் ஓடும். கிதார்கள் ஒரே சுரக்கோவையைத் தகரக் கூரைமேல் மழை இறங்குவதுபோல் ஓயாது அதிரவைக்கும். முரசு அதனடியில் விரையும். பாடுகிறவர் பாடமாட்டார், தொலைவில் நின்று அலறுவார். அந்த அலறலும் தனித்து எழாமல் மழைக்குள் கரைந்தே கிடக்கும். முதலில் இரைச்சலாகத் தோன்றுவது, ஐந்தாம் நிமிடத்தில் ஓர் இடமாகிவிடும். காடோ, பனியோ, ஆளற்ற மலைச்சரிவோ, அதற்குள் நாம் நின்றுகொண்டிருப்போம்.

அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. “இம்மா நேரமா கத்துறானே, அவனுக்கு யாராச்சும் ஒரு வாய் தண்ணி குடுக்கக் கூடாதா?” என்பார்.

“பனியில நிக்கிறாரும்மா. தண்ணி வாணாம், வெந்நி இருந்தா குடு” என்பான் தம்பி.

“காலைல இன்னா ஜெபம் பண்ண, மத்தியானம் இன்னா கேக்குற? கர்த்தரு பாத்துக்கினுதான் இருக்காரு நைனா.”

“அவரும் கேக்கட்டும்மா. நல்ல ஆல்பம்.”

நான் ஊத்துக்கோட்டையில் தமிழாசிரியை. இரண்டை அருகருகே நிறுத்தினால்தான் ஒன்றின் இயல்பு விளங்கும் என்பது என் கல்வி எனக்குக் கொடுத்த பழக்கம். இசைக்கும் அதையே கொண்டுவந்தேன். ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். ஒவ்வொரு வாரமும் இரண்டு தொகுப்புகளைக் குறித்துக் கொடுப்பேன். சனிக்கிழமைக்குள் இருவரும் இரண்டையும் முழுமையாகக் கேட்டிருக்க வேண்டும். கேளாதவர் ஞாயிறன்று வாய் திறக்கலாகாது. விதி என்னுடையது. “உன்கிட்ட படிக்கிற புள்ளைங்க பாவம்க்கா” என்று சலித்துக்கொள்வானே தவிர, ஒரு வாரமும் கேளாமல் வந்ததில்லை.

அவன் தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையின் பிரஸ் பிரிவில் இருந்தான். இரும்புத் தகடுகளை அச்சில் அழுத்தி வளைக்கும் வேலை. மூன்று ஆண்டுகளாகப் பயிற்சியாளன் என்றே அழைக்கப்பட்டான். புதுவாயலில் கம்பெனிப் பேருந்து ஏறிப் போய்வந்தான். பிறர் வயலில் கூலிக்கு உழைத்தே மறைந்தவர் எங்கள் அப்பா. இந்த ஆண்டு தம்பியைப் பணிநிரந்தரம் செய்வதாக இருந்தார்கள். அம்மாவின் ஜெபத்தில் வேறு எந்த விண்ணப்பமும் அப்போது இடம்பெறவில்லை.

சென்ற ஆண்டு மழை ஓய்ந்த ஒரு ஞாயிறன்று, எங்களிடையே பழைய வழக்கொன்று மறுவிசாரணைக்கு வந்தது. அட்டையில் ஒற்றை மரம் கொண்ட தொகுப்பு ஒன்று. மலை கொண்ட தொகுப்பு மற்றொன்று. குழுக்களின் அயல்மொழிப் பெயர்கள் எங்கள் நாவில் நில்லாமையால் மரம், மலை என்றே வழங்குவோம். மரம் கனத்தது, மெதுவானது, அடித்தொனியில் நடப்பது. மலை கூர்மையானது, குறைந்த கருவிகளைக்கொண்டு எங்கோ ஓர் அறையில் பதிவுசெய்யப்பட்டதன் சொரசொரப்பை மறைக்காதது. தம்பி எப்போதும் மலையின் பக்கம். அன்று கட்சி மாறினான்.

“மலை போர் அடிக்குதுக்கா. சும்மா கீழயே உறுமிக்கினு இருக்குது. மரம்தான் கெத்து.”

“உறுமுகிறதா? மூன்றாம் பாட்டை மறந்துவிட்டாயா?” என்றேன். வீட்டிலும் நான் இவ்வாறுதான் பேசுவேன். அவன் அதைக் கேலி செய்வதை என்றோ விட்டுவிட்டான்.

“மூணாம் பாட்டுல இன்னா இருக்குது?”

நான் திகைத்தேன். என்னை இந்த இசைக்குள் இழுத்துவந்ததே அந்த மூன்றாம் பாட்டுத்தான், இழுத்துவந்தவன் அவன்தான். நான்கு ஆண்டுகளுக்குமுன், இரைச்சல் என்று நான் முகம் சுளித்தபோது என் மணிக்கட்டைப் பற்றி நிறுத்தி, “அவசரப்படாத. மேல ஒண்ணு போவுது பாரு, சன்னமா, மணி மாரி” என்றான். காத்திருந்தேன். கிதார்களுக்கெல்லாம் மேலே, நூலிழைபோல் ஒரு விசைப்பலகை நாதம் போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்ட பிறகு அந்த இரைச்சல் முழுவதும் அதைத் தாங்குவதற்காகவே இருப்பதாகத் தோன்றியது.

இப்போது அதே இடத்துக்குப் பாட்டை நகர்த்தி ஓடவிட்டு, “இங்கே” என்றேன்.

“இங்க ஒண்ணும் இல்லியே.”

எனக்கு இடப்பக்கம், அவனுக்கு வலப்பக்கம்; நாதம் ஒரு பக்கம் மட்டுமே பதிவாகியிருக்கக்கூடும் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். மாற்றிச் செருகிக்கொண்டோம். எனக்கு இப்பக்கமும் கேட்டது. அவனுக்கு அப்பக்கமும் இல்லை.

“இது வேற காப்பிக்கா. பழச நெட்டுல இருந்து எடுத்துட்டானுங்க போல. புது போன்ல எல்லாமே மங்கலாதான் கீது” என்றான்.

மேலே அந்த நாதம் தெளிவாகப் போய்க்கொண்டே இருந்தது. அவன் முகத்தில் அதற்கான அசைவு ஒன்றும் இல்லை. சில மாதங்களாக அவன் ‘இன்னா, இன்னா’ என்று இருமுறை கேட்பதும், மாணவிகளோடு பழகி என் குரல் தேய்ந்துவிட்டதாகக் குறைகூறுவதும் அப்போது வரிசையாக நினைவில் எழுந்தன.

பிரஸ் பிரிவில் காதைக் காக்க என்ன தருகிறார்கள் என்று கேட்டேன்.

“பஞ்சு மாரி ஒண்ணு தருவாங்க, உள்ள சொருவிக்க. மேல பெரிய மூடி. நா பஞ்சு வெக்க மாட்டேன். அதுக்குப் பதிலா இத்த வெச்சிக்குவேன்.” கையிலிருந்த இயர்போனைக் காட்டினான். “ரப்பர் அடைச்சிக்கும்ல? வயர சட்டைக்குள்ள உட்டுக்கினா ஒர்த்தனுக்கும் தெரியாது. லைன்ல பாதி பேரு அப்டிதான். அவனுங்க குத்துப்பாட்டு, நா மலை.”

“பிரஸ் சத்தத்தில் பாட்டு எப்படிக் கேட்கும்?”

“ஃபுல்லா வெச்சா கேக்கும். மெஷின் சத்தம் காது உள்ள போறதுக்கு பாட்டு போவட்டும்னுதான். நல்லதுதான?” பிறகு குற்றமாக அல்லாமல், காரணமாகச் சொன்னான்: “நீ சனிக்கெழமைக்குள்ள ரெண்டு ஆல்பம் கேக்கணும்னுட்ட. வேற எப்பக்கா கேக்குறது?”

அன்று தேநீர் வந்ததும் குடித்ததும் எனக்கு நினைவில் இல்லை.

திருவள்ளூரில் ஒரு காது மருத்துவரிடம் அவனை அழைத்துச் சென்றேன். அவர் ஒரு கோட்டுப்படத்தை எங்கள்முன் வைத்தார். தாழ்ந்த ஒலிகளைக் குறிக்கும் இடப்புறம் சமமாக ஓடிய கோடு, உயர்ந்த ஒலிகளைக் குறிக்கும் வலப்புறம் சரிந்து கீழே இறங்கியது. உயர்ந்த ஒலிகள் போய்விட்டன, போனவை திரும்பா, இருப்பதைக் காக்க வேண்டுமானால் அந்த இடத்தைவிட்டு மாற வேண்டும் என்றார். தம்பி அந்தத் தாளை மடித்து என்னிடம் கொடுத்தான்.

“இது கம்பெனிக்குப் போவக் கூடாது. அம்மாவுக்கும் தெரிய வாணாம்.”

நிரந்தரம் செய்யுமுன் தொழிற்சாலையில் செவிச்சோதனை உண்டு. தேறாதவர்களை வேறு பிரிவுக்கு மாற்றுவதாகச் சொல்வார்கள்; அவ்வாறு மாற்றப்பட்ட பயிற்சியாளர் எவரும் நிரந்தரமானதில்லை என்றான். எங்கள் தெருவினர் மனு என்றால் என்னிடம்தான் வருவார்கள். சத்தம் குறைந்த பிரிவில் நிரந்தரம் செய்யக் கோரி, தம்பிக்காகவும் நிர்வாகத்துக்கு ஒன்று எழுதினேன். செவிக்குறையை உண்மையாகச் சொல்ல வேண்டும். அதே சமயம் அவன் வேலைக்குத் தகுதியுள்ளவன் என்பது குன்றக்கூடாது. நான்கு மாலைகள் எழுதினேன். குறையை முன்வைத்தால் மனு அவனைக் காட்டிக்கொடுத்தது, பின்வைத்தால் ஏமாற்றியது. இறுதியில், பிழை காண முடியாத ஒரு பக்கம் அமைந்தது. அவன் அதை மெல்லப் படித்தான்.

“நல்லா எழுதிக்கிறக்கா. இத்த குடுத்தா நா ஊட்லதான் குந்திக்கினு இருக்கணும்.”

நான் அந்தத் தாளைக் கிழித்தேன் என்று சொன்னால் அது வீரமாகத் தோன்றும். கிழிக்கவில்லை, கொடுக்கவுமில்லை. மருத்துவர் தந்த தாளோடு சேர்த்துப் பெட்டியில் வைத்தேன்.

சோதனைக்கு ஒரு வண்டி தொழிற்சாலைக்கே வந்தது. உள்ளே கண்ணாடி பதித்த சிறு அறை. தலையில் ஒலிக்கருவியை மாட்டிவிட்டு, வெளியே அமர்ந்த பெண் பொத்தானை அழுத்துவார். ஒலி கேட்டதும் கையைத் தூக்க வேண்டும். முதலில் போய்வந்தவர்கள் பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்: அந்தப் பெண் அழுத்தும்போதெல்லாம் தலையைச் சற்றுக் குனிகிறார், பொத்தானைப் பார்க்கிறார். குனிந்தால் கையைத் தூக்கு.

“எத்தனை கேட்டாய், எத்தனை பார்த்தாய்?” என்று பின்னர் கேட்டேன்.

“கடைசி பாதி பூரா தலதான்” என்று சிரித்தான். “பாவம், அதுக்கு கழுத்து வலிச்சிருக்கும்.”

இப்போது பஞ்சை வைக்கிறான். இயர்போனை வீட்டிலேயே விட்டுச் செல்கிறான். ஆனால் பிரஸ் அதே பிரஸ். அவன் நிற்கும் இடமும் அதே இடம். வாரந்தோறும் தொகுப்புகளைக் குறித்துக் கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். “இன்னாக்கா, இந்த வாரம் ஒண்ணும் இல்லியா?” என்று இரண்டு ஞாயிறுகள் கேட்டான். பள்ளியில் வேலை மிகுதி என்றேன்.

பணி ஆணை சென்ற மாதம் வந்தது. முழுவதும் ஆங்கிலம். அம்மா கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து தரையில் அமர்ந்தார். ஒரு வரி விடாமல் தமிழில் சொல்ல வேண்டும் என்றார். தம்பி எனக்கு எதிரே, சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தான். பெயர், பிரிவு, விடுப்பு விதிகள் என்று வரிவரியாகச் சொல்லிவந்தேன். இரண்டாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது. தங்கள் மருத்துவச் சோதனையின் முடிவுகள் நிறைவளிப்பதால், தற்போதைய பிரிவிலேயே தாங்கள் தொடர்ந்து பணியாற்றத் தகுதி உடையவர் என்று.

அம்மா கண்களை மூடி, ஸ்தோத்திரம் என்றார்.

தம்பி காதை என் பக்கம் திருப்பி முன்னே சாய்ந்தான். “இன்னாக்கா சொன்ன? வாய்க்குள்ளயே படிக்கிறியே.”

நான் அந்த வரியை இன்னொரு முறை, உரக்கப் படித்தேன்.