தம்பி களத்தில் நின்ற பிற்பகல்

நினைவு மலரில் மறைந்தவரை 'அவர்' என்றுதான் எழுத வேண்டும் என்றார் அச்சகத்துக்காரர். முறை அதுதான். நானும் முயன்று பார்த்தேன். 'தம்பி அவர்கள் நகரியில் பிறந்தார்' என்று ஒரு வரி எழுதியதும் மாவட்ட ஆட்சியருக்கு வரவேற்புரை எழுதுவதுபோல் இருந்தது. நிறுத்திவிட்டேன். என்னைவிடப் பத்தொன்பது வயது சின்னவன். நான் திருப்பதியில் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தபோது பிறந்தவன். 'அம்மாவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, லீவு வேண்டும்' என்று வார்டனிடம் கேட்கக் கூச்சமாக இருந்ததால், சித்தப்பாவுக்குக் கல்யாணம் என்று சொல்லிவிட்டு வந்து அவனைப் பார்த்தேன். தொட்டிலில் கிடந்தவனை முதல் பார்வையிலேயே 'டா' போட்டாயிற்று. இனிமேல் மாற்ற வராது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தம்பி போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்த ஒரு வருஷத்தில் உங்களில் பலர் வீட்டுக்கு வந்தீர்கள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் தாழ்ந்த குரலில் ஒன்று கேட்டீர்கள்: அந்த வேண்டுதல் என்ன ஆயிற்று? தம்பி ஸ்டேட் கிரிக்கெட் டீமுக்கு ஆடினால் அவன் தலைமுடியைக் காணிக்கை கொடுப்பதாக அம்மா ஏழுமலையானிடம் வேண்டிக்கொண்டிருந்தாரே, அந்த வேண்டுதல். ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் பவர்லூம் ஷெட்டுகளுக்கு நடுவே ஒரு சந்து உண்டு. எதிரில் ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு சாய்ந்து வழிவிட வேண்டும். தம்பி பந்து போடப் பழகியது அங்கேதான். கையைப் பக்கவாட்டில் வீசினால் விரல் முட்டியெல்லாம் சுவரில் தேயும். அதனால் கையைக் காதோடு ஒட்டி நேரே மேலே தூக்கிப் போடப் பழகிக்கொண்டான். பல வருஷம் கழித்துத் திருப்பதியில் கோச் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, யாரிடம் கற்றாய் என்று விசாரித்தார். "யாருமில்ல சார், ரெண்டு பக்கமும் சுவரு" என்றானாம்.

எங்கள் அப்பாவான நைனா இந்த விளையாட்டை எதிர்க்கவும் இல்லை, ஆதரிக்கவும் இல்லை. தறிச் சத்தத்திலேயே வாழ்ந்து அவருக்குக் காது மந்தம். பந்து சுவரில் மோதுவது அவருக்குக் கேட்கவே இல்லை. தம்பி ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது நைனா நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். அதன்பிறகு அவன் திருப்பதியில் என்னோடு தங்கினான். நான் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை செய்பவன். மனித உயிர் எவ்வளவு நிச்சயமில்லாதது என்று ஊராருக்கெல்லாம் விளக்கிச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். வீட்டில் அதை யாருக்கும் விளக்கத் தோன்றவில்லை.

திருப்பதி லீகில் கடைசி டிவிஷனில் ஆரம்பித்தான். அந்த மைதானத்தில் பாதி முட்செடி. பந்து போய் விழுந்தால் செருப்புப் போட்டவன்தான் எடுத்து வர வேண்டும். வருஷத்துக்கு ஒரு படியாக மேலே வந்தான். டிவிஷன் தாண்டி, சித்தூர் ஜில்லா டீம் தாண்டி, சில ஜில்லாக்கள் சேர்ந்த சோன் டீம் வரைக்கும். ஜில்லா டீமில் அவனை 'அரவோடு' என்றார்கள். தெலுங்கில் தமிழனுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர். அரக்கோணத்துப் பக்கம் ஆடப் போனால் தமிழர்கள் 'கொல்ட்டி' என்றார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே சிரிப்புச் சிரிப்பான். பிறகு ஓடி வந்து பந்து போடுவான். அடுத்த ஓவரில் யாரும் பெயர் வைக்க மாட்டார்கள்.

காலையில் பயிற்சி. மாலையில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. ஷூவும் பஸ் டிக்கெட்டும் அதிலிருந்துதான். என்னிடம் கேட்கமாட்டான். நான் வார இதழ்களுக்கு எப்போதாவது நகைச்சுவைக் கட்டுரை எழுதுவது உங்களுக்குத் தெரியும். அதில் அவனுக்குப் பெரிய சந்தேகம் இருந்தது.

"நீ எழுதறத யாருனா படிக்கறாங்களாண்ணா?"

"நீ போடற பந்த யாராவது தொடறாங்களா?"

"எங்க தொட! வுட்டுட்றாங்க."

"அதேதான்டா."

சோன் டீமில் பெயர் வந்த அன்று அம்மா சாமி படத்துக்கு முன் கற்பூரம் ஏற்றி வேண்டிக்கொண்டார். ஸ்டேட்டுக்கு ஆடினால் மலையில் மொட்டை, அதுவரைக்கும் தலையில் கத்தி படாது. தம்பிக்கு விஷயம் மறுநாள்தான் தெரிந்தது.

"இன்னாம்மா இது? மொட்டை எனுக்கு, வேண்டிக்கினது நீ. என்ன ஒரு வார்த்த கேக்க மாட்டியா?"

"உன்ன இன்னாத்துக்குடா கேக்கணும்? தலை நான் பெத்தது."

முடி தோளுக்கு வந்தது. லாட்ஜில் புதிதாக மொட்டை போட்டுக்கொண்டு தலையில் சந்தனத்தோடு வரும் யாத்ரீகர்கள் சாவியை வாங்கிக்கொண்டே, "உனக்கு எப்பப்பா?" என்று கேட்பார்களாம். கோச்சுக்கு அந்த முடி பிடிக்கவில்லை. "ஏம்ரா, சினிமாலோ சேருத்துன்னாவா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். சினிமாவில் சேரப் போகிறாயா என்று. "மொக்கு சார்" என்றான் தம்பி. மொக்கு என்றால் தெலுங்கில் வேண்டுதல். அதைக் கேட்டதும் கோச் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த முடியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. எங்கள் ஜில்லாவில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

கடைசியில் ஸ்டேட் டீமில் எடுத்தார்கள். பதினோரு பேரில் இல்லை. வெளியே உட்கார்ந்திருக்கும் சிலரில் ஒருவனாக. மேட்ச் வெகு தூரத்து ஊரில். நானும் அம்மாவும் புளிசோறு கட்டிக்கொண்டு ரயிலேறினோம். நான்கு நாள் மேட்ச் அது. பார்க்க வந்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும், நிழலுக்கு ஒதுங்கிய ஒரு நாயும். நாய் முதல் நாளே போய்விட்டது.

இரண்டு நாள் தம்பி தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான், வெளியே ஓடி வந்தான். அம்மாவால் பொறுக்க முடியவில்லை.

"இன்னாடா இது, தண்ணி எத்துக்கினு ஓடிக்கினே கீறான்?"

"அதுவும் டீம்ல ஒரு வேலதாம்மா."

"தண்ணி தூக்கறதுக்கா முடி வளத்தான்?"

மூன்றாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லையோரம் நின்றிருந்த ஒரு பையனுக்குக் கால் பிடித்துக்கொண்டது. நொண்டிக்கொண்டே வெளியே போனான். அவன் இடத்துக்குத் தம்பி ஓடி வந்தான். முடியை முடிந்து தொப்பிக்குள் திணித்திருந்தான். எங்களுக்கு நேர் எதிரே வந்து நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் அங்கே நின்றான். நடுவில் ஒரு பந்து வானத்துக்குப் போனது. தம்பி பக்கவாட்டில் ஓடிப் போய் அதை மார்போடு அணைத்துப் பிடித்தான். ஸ்டேட் டீம்காரர்கள் ஓடி வந்து அவன் முதுகில் தட்டினார்கள். அம்மா எழுந்து நின்று, "திருமல எந்தப் பக்கம்டா?" என்று கேட்டார். எனக்கு அந்த ஊரில் திசை தெரியவில்லை. குத்துமதிப்பாகக் கையைக் காட்டினேன். அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

சாயங்காலம் ஆட்டம் முடிந்து தம்பி வேலியோரம் வந்தான். அம்மா காத்துக்கொண்டிருந்தார்.

"மேட்ச் முடிஞ்சதும் வா, நேரா மலைக்குப் போயி முடியக் குடுத்துட்டுப் போலாம்."

"இல்லமா. இது ஆடினது ஆவாது."

"கிரவுண்டுல நின்னியா இல்லியா?"

"நின்னேன்."

"கேட்ச் புட்ச்சியா இல்லியா?"

"புட்ச்சேன். ஆனா அது அவன் எடம்மா. அவனுக்கு கால் புட்ச்சிக்கிச்சி, நான் நின்னேன். என் கணக்குல வராது. நான் ஒரு பால் போடணும். ஒண்ணே ஒண்ணு போதும். அப்ப குடுக்கலாம்."

"சாமிக்கு இந்த சட்டமெல்லாம் தெரியுமாடா?"

"தெரியும்மா. அவர ஏமாத்தக் கூடாது." வேலி இடுக்கில் கையை விட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். படித்தவன் தீர்ப்புச் சொல்ல வேண்டும். விதிப்படி மாற்று ஆள் பந்து போடக்கூடாது, மட்டை பிடிக்கக்கூடாது, அந்த மேட்ச் அவன் ஆடிய மேட்ச் ஆகாது. அதைச் சொன்னேன். திரும்பி வரும் வழியில் ரேணிகுண்டா வரைக்கும் அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "நின்னான்டா. என் கண்ணால பாத்தேன்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அடுத்த மேட்சில் தம்பியை உள்ளே எடுப்பார்கள் என்று பேச்சு அடிபட்டது. கோச்சும் அப்படித்தான் சொன்னார். அதற்கு முன் இரண்டு நாள் நகரிக்கு வந்து அம்மாவோடு இருந்தான். காலையில் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று பைக்கில் திருப்பதிக்குக் கிளம்பினான். புத்தூர் தாண்டி, முன்னால் போன லாரி சட்டென்று நின்றது.

ஹெல்மெட் அவன் கையில் மாட்டியிருந்தது. முடிந்து வைத்த முடிக்கு மேல் ஹெல்மெட் ஏறவில்லை, அந்த வேண்டுதல்தான் பையனைக் கொண்டுபோனது என்று உங்களில் சிலர் பேசிக்கொண்டீர்கள். அது அம்மாவின் காதுக்கும் வந்தது. அன்றிலிருந்து அவர் சாமி படத்துக்கு முன் உட்காருவதில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். முடி வளர்ப்பதற்கு முன்பும் தம்பி ஹெல்மெட்டைக் கையில்தான் மாட்டிக்கொண்டு போவான். என் தலையில் முடியே இல்லை. நானும் அப்படித்தான் போகிறேன். இந்த மலரை வாங்க வந்தவர்களில் எத்தனை பேர் தலையில் ஹெல்மெட் இருந்தது என்று உங்களுக்கே தெரியும். நம் பக்கத்தில் அது போலீஸ்காரர் தெரிந்தால் போட்டுக்கொள்கிற பொருள். அம்மாவின் வேண்டுதலுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிட வேண்டும் என்று உங்கள் எல்லாரையும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

திருப்பதியில் தலையில் ஆபரேஷன் செய்தார்கள். அதற்கு முன்னால் முடியை மழிக்க வேண்டியிருந்தது. "அது சாமி முடிங்க" என்று கதவுக்கு வெளியே அம்மா கத்தியது உள்ளே கேட்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஒரு நர்சம்மா கவரில் முடியைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தார். "சுவாமி ஜுட்டு கதம்மா, கிந்த பெட்டலேது." சுவாமியின் முடி என்பதால் தரையில் வைக்கவில்லையாம். தம்பி அதற்குப் பிறகு கண் திறக்கவில்லை. அவன் மூச்சு இருந்த நாளெல்லாம் அந்தக் கவர் அம்மாவின் மடியிலேயே இருந்தது.

அடக்கத்தன்று நடந்ததை நேரில் பார்த்தவர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். நடந்தது இதுதான். குழியை மூடுவதற்கு முன் அம்மா கவரைப் பிரித்து, முடியை எடுத்துத் தம்பியின் தலைமாட்டில் வைத்தார். மாமா பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

"யக்கா, இன்னா பண்ற நீ? பெருமாளுக்கு நேந்துக்கினது. மண்ணுல போடலாமா? குத்தமாயிடும்."

"ஸ்டேட்டுக்கு ஆடினா தானடா குடுக்கறன்னேன்?"

"ஆமா. நீதான ஆடினான் ஆடினான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்த?"

"நான் சொன்னேன். அவன் இல்லன்னான். என் கையப் புட்ச்சிக்கினு சொன்னான், ஒரு பால் போடணும்மா, அப்ப குடுக்கலாம்னு. போட்டானா?"

மாமா தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

"போடல இல்ல. அப்ப இது யாரு முடி? எம்புள்ள முடி. அவங்கிட்டயே இருக்கட்டும்."

மாமா கையை விட்டுவிட்டார். தம்பி ஆடினான் என்று உலகத்தில் சாதித்தவர் அம்மா ஒருவர்தான். அன்று அவரும் விட்டுக்கொடுத்தார். வேண்டுதல் முடிந்த கதை இவ்வளவுதான். இதைத் தெய்வக் குற்றம் என்று நினைப்பவர்கள் என்னிடம் சொல்லுங்கள். அம்மாவிடம் வேண்டாம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். எல்லாச் சடங்கையும் முன்னின்று செய்து, இன்றுவரை அம்மாவைத் தினமும் வந்து பார்த்துப் போகும் மாமாவுக்கு. தம்பியின் தோளில் கை போட்டு வளர்த்து, பிறகு தன் தோளில் அவனைச் சுமந்து வந்த கோச்சுக்கு. பயிற்சி இருக்கும் நாளெல்லாம் வேலை நேரத்தை மாற்றிக் கொடுத்த லாட்ஜ் முதலாளிக்கு. நாங்கள் பெயர் கேட்டு வைத்துக்கொள்ளாத அந்த நர்சம்மாவுக்கு. அடுப்புப் பற்றவைக்காத நாட்களில் சோறு கொண்டுவந்த தெருவாருக்கு. வேனில் வந்து வெயிலில் கடைசிவரை நின்ற ஜில்லா டீம், சோன் டீம் பையன்களுக்கு. கடைசியாக, எல்லையோரத்தில் கால் பிடித்துக்கொண்ட அந்தப் பையனுக்கு. அவனுக்கு நல்ல கால்களும் நீண்ட ஆட்டமும் அமையட்டும். அன்று மட்டும் கால் பிடித்துக்கொண்டதற்கு எங்கள் குடும்பம் அவனுக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

சாவு விழுந்த வீட்டார் ஒரு வருஷம் மலை ஏறக்கூடாது. அந்த வருஷம் இன்றோடு முடிகிறது. போன வாரம் அம்மா தாமாகவே பேச்செடுத்தார்.

"தெவசம் முடிஞ்சதும் மலைக்குப் போயிட்டு வரலாம்டா."

எனக்குத் தயக்கமாக இருந்தது. "மொட்டையாம்மா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு? அவரு குடுக்கல, நானும் குடுக்கல."

"அப்ப எதுக்கும்மா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு எம்புள்ளய ஒரு மணி நேரம் நிக்க வெச்சாரு இல்ல. நானும் போயி அவரு எதுர்ல கொஞ்சம் நின்னுட்டு வரேன்."