க்யூ நகரவில்லை

கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் ஓட்டுபவன் நான். எண்ணூர் சாலையில் துறைமுகக் கேட்டுக்கு வெளியே நிற்கும் வண்டி வரிசையை நாங்கள் க்யூ என்போம். அரை நாளும் ஆகும், இரண்டு நாளும் ஆகும். வீட்டுக்குப் போக மனமில்லாத டிரைவருக்கு அதைவிட நல்ல சாக்கு கிடையாது.

எனக்கு அது தேவைப்பட்டது. மலம் போகிற இடத்தில் கசிய ஆரம்பித்திருந்தது. முதலில் சளி மாதிரி கொஞ்சம், பிறகு மஞ்சளாக, வாடையோடு. ஜட்டி எந்நேரமும் ஈரம். டிரைவர்களுக்கு எல்லா நோய்க்கும் ஒரே பெயர்தான்: சூடு. இஞ்சின் சூடு, சீட்டுச் சூடு. வெந்தயம் விழுங்கினேன், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன், மோராகக் குடித்தேன். சூடு தணிந்ததோ என்னவோ, கசிவு நிற்கவில்லை. 'மூலம், பவுத்திரம்' என்று சுவருக்குச் சுவர் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்துக் கிண்டலடித்தவன், இப்போது அந்தப் பக்கமே பார்க்காமல் ஓட்டப் பழகினேன்.

வீட்டில் ஒரே அறை. பக்கத்தில் படுத்தால் மனைவிக்கு வாடை தெரிந்துவிடும். "க்யூ நகரல" என்று போனில் சொல்லிவிட்டுக் முக்கால்வாசி நாள் கேபினிலேயே தங்கினேன். துணியை லாரி ஷெட் குழாயில் நானே துவைத்தேன். மற்ற டிரைவர்கள் வண்டி நிழலில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நான் தள்ளிப் போய் நின்றபடியே சாப்பிடுவேன். புற்றுநோயாக இருக்குமோ என்று பயம். கேட்க ஆள் இல்லை. ஆள் இல்லாமல் செய்துகொண்டவனும் நான்தான்.

கசிவு தொடங்கி எட்டாவது மாதம், ஒரு மதியம் மனைவி போன் செய்தாள். பக்கத்து வீட்டுக்காரரும் டிரெய்லர் டிரைவர்தான். அதே கேட்டில் லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார்.

"க்யூ காலையிலயே காலியாம். நீ யார் வூட்ல கீற?" என்றாள்.

மறுக்காமல் போனை வைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: வேறொரு பெண் இருப்பதாக அவள் நினைத்தது அந்த நேரம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அது ஊரில் நாலு பேர் செய்கிற தப்பு. இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

மறுவாரம் உட்கார முடியாத வலியும் காய்ச்சலும் சேர்ந்தன. ராயபுரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். இப்படிக் கசிவதற்கு மூலம், ஆசனவாய் வெடிப்பு, குடல் புண், கிருமித் தொற்று என்று பல காரணம் உண்டு என்றார். பரிசோதித்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்குப் பவுத்திரம். உள்ள சீழ் கட்டி, அது வெளிய ஒரு வழி பண்ணிக்கிச்சு. ஆபரேஷன்ல சரி பண்ணலாம். புற்றுநோய் மாதிரி தெரியல, எதுக்கும் சதையை டெஸ்டுக்கு அனுப்புவோம். வீட்ல யாரையாவது கூட்டிட்டு வாங்க."

வீட்டில் இருப்பது மனைவி ஒருத்தி. வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதுக்கா?" என்றாள். "துணிய நீயே தொவைக்க ஆரம்பிச்சப்பவே எவளோ வந்துட்டான்னு நெனச்சேன்யா. எட்டு மாசமா, யாராண்டயும் சொல்லாம, தனியா அழுதுகினு கெடந்தேன்."

தனியாகக் கிடந்தது நான் மட்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அவள் முகம் கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். ஷேர் ஆட்டோவில் என்னை ஒட்டி உட்கார்ந்தாள். பழக்கதோஷம், நான் ஓரமாக ஒதுங்கினேன்.

"இன்னும் எங்க நவுர்ற?" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.