ஐஸ் பெட்டிக்குள் வைத்த பாஸ்காத் திரி

மேர்சியின் மெழுகுதிரியைக் கெடுத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மயிலிட்டியில் என் வேலிக்கு அடுத்த வீடு அவளுடையது. பத்து வயதில் போருக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி, இருபத்தேழு வருடம் அகதி முகாமில் கிடந்து திரும்பி வந்தவள். முகாமில் கோயிலில் எரிந்து மிஞ்சிய திரிக்கட்டைகளை உருக்கி விளக்கு வைத்துப் பழகியவள், இப்போது வன்னியிலிருந்து தேன்மெழுகு எடுப்பித்து வீட்டிலேயே திரி ஊற்றுகிறாள். அதிகம் பேசமாட்டாள். என் மனுசன் செத்த பிறகு எனக்குச் சண்டை பிடிக்க ஆளில்லை. அதனால் பொழுதெல்லாம் அவள் வீட்டில்தான்.

இந்த வருடம் உயிர்த்த ஞாயிறான ஈஸ்டருக்கு முதல்நாள் இரவுப் பூசையில் ஏற்றும் பாஸ்காத் திரியைத் தானே செய்வதாக, கோயிலில் எழும்பி நின்று சொன்னாள். கலப்பில்லாத தேன்மெழுகில், இரண்டரை அடி. வருடம் முழுக்கப் பீடத்தடியில் நிற்கும் திரி அது. சபையில் அவள் வாய் திறந்தது அன்றுதான். கோயில் மூப்பர் சந்தியோகு சிரித்தான்.

"சரி பிள்ளை. சனிக்கிழமை நாலு மணிக்கு வருவன். இல்லாட்டி கொழும்புத் திரிதான் ஏறும்."

மெழுகு வியாழன் பின்னேரம்தான் வந்தது. பெரிய வெள்ளியில் மெழுகு உருக்கமாட்டேன் என்றுவிட்டாள். சனி விடிய, கொதிக்கும் தண்ணீர்ச் சட்டிக்குள் மெழுகுத் தகர டின்னை வைத்து உருக்கி, நெடுக்காகப் பிளந்து சைக்கிள் டியூப்பால் கட்டிய குழாய்க்குள் ஊற்றினாள். தானாக ஆறவேண்டுமாம்.

"எடி, நாலு மணிக்குள்ளை ஆறாட்டி? உன்ரை மனுசன் மீனுக்கெண்டு ஐஸ் கொண்டு வந்திருக்கிறான். மீனை வைக்கிற மாதிரி வை."

"வேண்டாம் மாமி, வெடிக்கும்."

"ஓம், உனக்குத்தான் எல்லாம் தெரியும்."

அவள் கிணற்றடிக்குப் போன நேரம் குழாயை மீன்பெட்டி ஐஸுக்குள் புதைத்தேன். எதையும் ஐஸில் போட்டால் தப்பும் என்பதுதான் கடற்கரைப் புத்தி. பதினொரு மணிக்குக் கட்டை அவிழ்த்தாள். திரி மூன்று துண்டு.

மேர்சி ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"கடைத்திரி நாலைக் கலந்து ஊத்து. கெதியா, நாலுக்கு முதல் இறுகும். ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு சுடுதண்ணி வையுங்கோ மாமி."

துண்டுகளைச் சுடுதண்ணீரில் இளக்கித் தட்டையாக்கி, நடுவில் நூலை வைத்து அதைச் சுற்றிப் படை படையாக ஒட்டி, நனைத்த பலகையில் உருட்டினாள். தண்ணீர் ஆறினால் படை ஒட்டாது. நான் ஓடி ஓடி ஊற்றினேன். அவள் கை சிவந்து, பிறகு கொப்பளித்தது. மூன்று மணிக்குத் திரி நடுவில் பிளந்தது. உரித்தெடுத்து மறுபடியும் உருட்டினாள்.

நாலுக்குச் சந்தியோகுவின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கையில் கடதாசி சுற்றிய கொழும்புத் திரி.

பலகையில் கிடந்ததைப் பார்த்தான். நேராகத்தான் இருந்தது. ஆனால் மேலெல்லாம் விரல் பதிந்த பள்ளம்.

"இதென்ன பிள்ளை, புடலங்காயோ?"

"உன்ரை மூஞ்சையை விட வடிவாத்தான் கிடக்கு," என்றேன். "ஐஸுக்குள்ளை வைச்சுக் கெடுத்தது நான். கேக்கிறதை என்னட்டைக் கேள்."

அவன் திரியைத் தூக்கி மூக்கில் வைத்து மணந்து பார்த்தான். நிமிர்த்திப் பிடித்தான். வளையவில்லை.

"கலப்பு இருக்கோ?"

"இல்லை," என்றாள் மேர்சி.

"வருசம் வெட்டேல்லையே?"

பாஸ்காத் திரியில் அந்த வருடத்து இலக்கம் இருக்கவேண்டும். மேர்சி கத்தியை எடுத்தாள். கொப்பளித்த விரல்கள் மடங்கவில்லை, கத்தி விழுந்தது. என்னிடம் தந்தும் பயனில்லை. எனக்கு இலக்கம் எழுதத் தெரியாது.

சந்தியோகு கொழும்புத் திரியை நிலத்தில் வைத்தான். கத்தியை எடுத்து உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டு, பலகைக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்தான்.

"தள்ளி நில்லணை அக்கா," என்றான். "வெளிச்சத்தை மறைக்காதை."