பிரிட்டன் விலகலும் எங்கள் வீட்டுக் கீழறையும்

பொங்கலுக்கு மறுநாள் மாலை எங்கள் எடமலைப்பட்டி புதூர் தெருவில் குடியிருப்போர் சங்கம் பட்டிமன்றம் நடத்துவது வழக்கம். மாமியாரா மருமகளா, செல்போனா புத்தகமா என்பது போலத்தான் தலைப்பு இருக்கும். அந்த வருடம் நோட்டீஸில் வந்த தலைப்பு: ‘ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகியது பொருளாதாரத்தில் லாபமா, நஷ்டமா?’

நான் அதை இரண்டு முறை படித்தேன். கோலப் போட்டிக்கும் லெமன் ஸ்பூனுக்கும் நடுவில் பிரிட்டன் எப்படி வந்தது? காரணம் நோட்டீஸின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. மேடை, ஒலிபெருக்கி, நாற்காலிகள் உபயம், புத்தூரில் உள்ள ஒரு வெளிநாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்.

என் மனைவியின் தங்கை அந்த நிறுவனத்தில்தான் பெயர் கொடுத்திருந்தாள். அவள் புத்தூரில் ஒரு மருத்துவமனையில் பல வருடங்களாக நர்ஸ். திருமணம் செய்துகொள்ளவில்லை. என் மாமியார் அவளோடுதான் இருந்தார். இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர் வேலை தயாராக இருக்கிறது, இங்கே ராஜினாமா செய்து அந்தக் கடிதத்தின் நகலைக் கொண்டுவந்தால் விசா வேலையைத் தொடங்கிவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். கடிதத்தை எழுதிக் கைப்பையிலேயே வைத்திருந்தாள். மாதக் கடைசியில் கொடுப்பதாக இருந்தாள், அதற்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

நான் ஒரு கல்லூரியில் நூலகர். சங்கச் செயலாளர் என்னை ‘நஷ்டம்’ அணியில் போட்டார். மறுநாளே நிறுவனத்துக்காரர் வீட்டுக்கு வந்து டைப் செய்த தாள் ஒன்றைக் கொடுத்தார். நான் பேச வேண்டிய பாயிண்ட்டுகள். துறைமுகத்தில் லாரிகள் காத்து நிற்பது, மீன் ஏற்றுமதிக்குக் கூடுதல் படிவங்கள், சில வங்கிகள் வேறு நகரத்துக்குப் போனது. எல்லாம் உண்மைதான். ஆனால் எங்கள் தெருவில் யாருக்கும் உறைக்காத உண்மைகள். எதிரணிக்குக் கொடுத்த தாளைச் செயலாளர் வீட்டில் பார்த்தேன். அதில் முதல் வரியே, ஐரோப்பியர் பலர் திரும்பிப் போனதால் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் ஆள் இல்லை, அந்த இடங்கள் நமக்கு என்று இருந்தது.

நிறுவனத்துக்காரரைத் தெருமுனையில் பார்த்தபோது கேட்டேன்.

“இந்த ஆள் பற்றாக்குறை விஷயம் என் தாள்ல இல்லையே சார்?”

“அது லாபம் சைடு பாயிண்ட் சார். உங்களுக்கு எதுக்கு?”

“ஆள் இல்லாம போனது அந்த ஊருக்கு நஷ்டம்தானே?”

“அவங்களுக்கு நஷ்டம், நமக்கு லாபம். நீங்க ஜாலியா பேசுங்க சார். மத்ததை நடுவர் ஐயா பார்த்துப்பாரு.”

நான் தினமும் காலையில், பேப்பர் வருவதற்கு முன், முந்தின நாளை டைரியில் எழுதுகிறவன். ‘மத்ததை நடுவர் ஐயா பார்த்துப்பாரு’ என்ற வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டேன்.

நடுவர் ஸ்ரீரங்கத்துக்காரர், ஓய்வு பெற்ற பொருளாதாரப் பேராசிரியர். அவரை அழைத்து வந்தது நிறுவனத்தின் கார். நிறுவனத்துக்காரர் பின் சீட்டில் அவரோடு சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார். இதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

என் முறை வந்தபோது தாளைச் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டுப் பேசினேன். நூலகத்தில் கத்தரித்து வைத்த செய்திகளிலிருந்து சொன்னேன். ஒரு பத்திரிகை, வியாபாரம் குறைந்ததற்கு விலகல்தான் காரணம் என்கிறது. இன்னொன்று, அது கொரோனா செய்த வேலை என்கிறது. எவ்வளவு எதனால் என்று படித்தவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்றுதான். முன்பு இங்கிலாந்து முதியோர் இல்லத்தில் வேலை பார்த்த போலந்துக்காரர் விசா தேவைப்படாமலே வந்தவர். பிடிக்காவிட்டால் மறுநாளே வேறு இடத்தில் சேரலாம். இன்று நம் ஊரிலிருந்து போகிறவர் விசாவுக்குக் கையெழுத்துப் போட்ட முதலாளியோடு கட்டப்பட்டவர். வெளிநாட்டு ஆள் எடுக்க அந்த இல்லத்துக்கு உள்ள அனுமதி ரத்தானால், கெடுவுக்குள் வேறு முதலாளியைத் தேட வேண்டும், இல்லையென்றால் ஊர் திரும்ப வேண்டும். “காலி இடம் நமக்குக் கிடைத்தது. அதில் இருந்தவருக்கு இருந்த உரிமை கிடைத்ததா?” என்று முடித்தேன்.

அடுத்துப் பேசிய பள்ளி ஆசிரியை மைக்கைப் பிடித்ததும், “எதிரணிக்காரர் பேசுறதைப் பார்த்தா, நாம இன்னும் பாஸ்போர்ட்டே எடுக்கல, அதுக்குள்ள ஏர்போர்ட்ல நின்னு டாட்டா காட்டி நம்மளைத் திருப்பி அனுப்பிடுவாரு போலிருக்கு!” என்றார். தெருவே சிரித்தது. நான் சொன்னது அத்தோடு போயிற்று.

தீர்ப்பு, லாபமே. முன்வரிசையில் இருந்த மைத்துனி எழுந்து நின்று கைதட்டினாள்.

பிறகு எல்லாருக்கும் தொன்னையில் சுண்டல் கொடுத்தார்கள். நடுவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“உம்ம பாயிண்ட் பிரமாதம் ஓய்.”

“அப்புறம் ஏன் லாபம்னு சொன்னீங்க?”

“பட்டிமன்றம் ஓய் இது. ஜனங்க சிரிச்சுண்டே ஆத்துக்குப் போகணும். நஷ்டம்னு முடிச்சா எவன் கை தட்டுவான்? இதைக் கேட்டுட்டு யாராவது இருக்கற வேலையை விட்டுடப் போறாளா என்ன?”

மைத்துனி எனக்குப் பின்னால் தொன்னையோடு நின்றிருந்தாள். அவள் சுண்டலைத் தின்னவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கோபத்தை என்மீது திருப்பினாள்.

“அத்தான், உண்மையைச் சொல்லுங்க. நான் போயிட்டா அம்மா இங்க வந்துடுவாங்க. அதுக்குத்தானே இவ்ளோ ஆராய்ச்சி?”

“நான் சொன்னதுல எது தப்பு?”

“தப்புன்னு நான் சொல்லல. எதுக்காகச் சொன்னீங்கன்னு கேக்குறேன். எல்லாத்தையும் எழுதி வைப்பீங்கல்ல, அந்த டைரியை எடுத்துட்டு வாங்க.”

மனைவி இத்தனை வருடத்தில் என் டைரியைத் திறந்ததே இல்லை. இப்போது அவளும், “கொண்டு வாங்களேன், பார்ப்போம்” என்றாள். கொடுக்காமல் இருந்தால் அதுவே பதிலாகிவிடும். கொண்டுவந்தேன்.

தேதி ஒழுங்காக இருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை. வெளிநாட்டு வேலை பற்றி அவள் முதலில் எங்களிடம் சொன்ன நாளை எடுத்தாள். என் கையெழுத்தில் இப்படி இருந்தது: ‘அத்தை வந்தால் மாடி ஏற முடியாது. கீழறையை ஒழிக்க வேண்டும். புத்தகங்களை எங்கே வைப்பது?’ அடுத்த நாள் பக்கத்தில்: ‘பிரிட்டன் விலகல் பற்றிய செய்திகளைக் கத்தரிக்க ஆரம்பித்தேன்.’

அவள் இரண்டு பக்கங்களிலும் ஒவ்வொரு விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“முதல்ல புஸ்தகம். அப்புறம்தான் பிரிட்டன்.”

மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அந்த இரண்டு பக்கங்களுக்கும் உள்ள தொடர்பை எழுதிய எனக்கே அதுவரை தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? இப்போதுகூட எனக்கே நிச்சயமில்லை.

“சரி, என்னை நம்ப வேணாம். அந்த முதியோர் இல்லத்தோட பேரும் ஊரும் என்னன்னு நாளைக்கு அந்த நிறுவனத்துக்காரர்கிட்ட கேளு. அது மட்டும் போதும்” என்றேன்.

கேட்டிருக்கிறாள். ராஜினாமா நகல் வந்த பிறகுதான் பெயரைச் சொல்ல முடியும், அதுதான் நிறுவனத்தின் முறை என்றிருக்கிறார். “நேத்துதான் நம்ம மேடையில கைதட்டினீங்க, இன்னிக்கு இப்படிக் கேக்குறீங்களே சிஸ்டர்” என்றும் சொன்னாராம். மறுநாள் சாயங்காலம் டியூட்டி முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். கைப்பையிலிருந்து ராஜினாமா கடிதத்தை எடுத்து, நான்காகக் கிழித்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

“அவரையும் நம்பல. உங்களையும் நம்பல அத்தான். ஆனா இங்கிலாந்துக்குப் போறேன். நர்ஸா போறேன். இங்கிலீஷ் பரீட்சை, நர்சிங் பரீட்சை ரெண்டையும் எழுதிட்டு நானே நேரா ஒரு ஆஸ்பத்திரிக்கு அப்ளை பண்றேன்.”

“நல்ல யோசனைதான்” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

“அதுக்குப் படிக்கணும். டியூட்டியும் பார்த்துக்கிட்டு அம்மாவையும் பார்த்துக்கிட்டுப் படிக்க முடியாது. பரீட்சை முடியற வரைக்கும் அம்மா இங்க இருக்கட்டும்.”

“கீழ் ரூம்ல” என்றாள் மனைவி.

இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள். மறுத்து ஒரு வார்த்தை சொன்னாலும் அந்த இரண்டு பக்கங்களுக்கும் நான் மூன்றாவதாக ஒரு சாட்சி சேர்த்ததாகிவிடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வந்ததும் புத்தகங்களை மாடிக்கு ஏற்றினோம். நான் போட்டு வைத்திருந்த வரிசை எண் கலையாமல் மைத்துனியே சுமந்தாள். பிரிட்டன் செய்திகளைக் கத்தரித்து வைத்திருந்த ஃபைலை மட்டும் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

இப்போது மாமியார் கீழறையில் இருக்கிறார். மைத்துனி வாரம் இரண்டு நாள் இங்கிலீஷ் கட்டுரை எழுதிக்கொண்டு வருகிறாள், நான் திருத்துகிறேன். ஒருநாள் மாடிப்படியில் ஏறும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அவள் தேறிவிட்டால் மாமியார் கீழறையிலேயே தங்கிவிடுவார். தேறாவிட்டால் புத்தூருக்குத் திரும்பிப் போவார், அறை எனக்குத் திரும்பக் கிடைக்கும். இது அவளுக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். சிவப்பு மையில் நான் வட்டம் போடும் ஒவ்வொரு முறையும் பேனாவைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்க்கிறாள்.

“நெஜமாவே தப்புதானா அத்தான்?”

தப்புதான். ஆனாலும் அகராதியைத் திறந்து, அந்தப் பக்கத்தை அவள் பக்கமாகத் திருப்பி வைத்த பிறகே வட்டம் போடுகிறேன்.