சிவப்புப் பலகை

ஃபிஜியில், இந்தியர்களுக்கும் பங்கிருந்த ஆட்சியை ராணுவம் துப்பாக்கி முனையில் பிடுங்கிய வருஷம் அது. எங்கள் ஊர்ப்பக்கத்துப் பினாங்கு சர்க்கரை மில்லுக்குக் கரும்பு போடும் இந்திய வம்சத்துக்காரர்களான நாங்கள் களைக்கொல்லி டிரம்மையெல்லாம் வாய்க்காலில்தான் கழுவுவோம். வாய்க்கால் ஆற்றில் சேரும். ஆற்றின் கீழ்ப்பக்கம், காய்விட்டி என்று நாங்கள் சொல்லும் பூர்வகுடிப் பெண்கள் மூழ்கிச் சிப்பி எடுப்பார்கள். ஒருநாள் மீன் செத்து மிதந்ததைப் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெண்களில் ஒருத்திக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்தக் காலத்தில் பழி யார் தலையில் விழும் என்று சொல்லவா வேண்டும்?

எல்லாரையும் கூட்டிச் சொல்லலாமென்றால் கூட்டம் போடத் தடை. முன்பு தலைநகர் சுவாவில் ஒரு பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: செய்தி சுருக்கமாக இருக்கட்டும், தூரத்திலிருந்தே கண்ணில் படட்டும். நானும் பெரிய மேதாவி மாதிரி, டிரம் கழுவ வேண்டாம் என்று இந்தியிலும் இங்கிலீஷிலும் சிவப்பாகப் பலகைகளில் எழுதி, வயலோரங்களில் நட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"பூமியத் திருப்பிக் கேட்டு போர்டு வச்சிட்டாங்களே, பாக்கலியா நீ?"

நிலம் காய்விட்டிகளுடையது, எங்களுக்குக் குத்தகை. அது எப்போது அறுபடுமோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த ஜனம். கிட்டப் போய்ப் படிக்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

"அது நான் வச்சதுதான்க்கா."

"நீயா? ஒனக்கென்ன பேயா புடிச்சிருக்கு? ராத்திரி பூரா அழுதேன்டி!"

ஓங்கிய கையை எப்படியோ அடக்கிக்கொண்டாள். அடித்திருந்தாலும் தப்பில்லை.

பலகைகளைப் பிடுங்கிவிட்டு வீடு வீடாகப் போய் வாயால் சொன்னேன். சரி சரி என்றார்கள். ஆனால் ஆற்றில் இறங்குகிறவர்களிடம் யார் சொல்வது? "நாமே போய்க் கழுத்தக் குடுக்கறதா?" என்று என் வீட்டுக்காரர் வாசலை மறித்தார். அவர் பயம் எனக்கும் இருந்தது. இருந்தும் போனேன்.

அவர்கள் கிராமத்துக்குள் வெறுங்கையோடு போகக்கூடாது. அவர்கள் இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேரைச் சந்தையில் ஒரு கட்டு வாங்கிப்போய், கிராமத் தலைவர் முன் பாயில் வைத்துவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்தேன். டிரம் விஷயத்தைச் சொல்லி முடித்தேன்.

அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சிப்பிக்காரப் பெண்தான் எங்கள் ஃபிஜி இந்தியிலேயே பேசினாள். "மீன் செத்த அன்னிக்கே தண்ணியில எறங்கறத நிறுத்திட்டோம். நீங்க டிரம் கழுவறதையும் பாத்தோம். சொல்லலாம்னு ரெண்டு தடவ வந்தோம். எங்களப் பாத்ததுமே கதவச் சாத்திட்டீங்க. யார்கிட்ட சொல்றது?"