கலந்தர் பாயின் நடவு ஆட்கள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி பீரோ இருக்கிறது. உள்ளே சாமி படம் இல்லை, வெள்ளிச் சாமான் இல்லை. ஒரு சாண் உயரத்துக்குப் பிளாஸ்டிக் பட்டாளத்துக்காரர்கள். எல்லாம் வெளிநாட்டுப் பொம்மை. கழுத்து, தோள், இடுப்பு, முட்டி என்று எல்லா இடமும் மடங்கும். மேல் இரண்டு தட்டில் இருப்பவர்கள் விறைப்பாக நிற்கிறார்கள். கீழ்த்தட்டில் இருப்பவர்கள் குனிந்து நாற்று நடுகிறார்கள். தலையில் சேலைக் கிழிசல் முண்டாசு, கையில் பச்சை நூலில் நாற்றுமுடி. துப்பாக்கி எவன் கையிலும் இல்லை.

பீரோ என்னுடையது இல்லை. கலந்தர் பாயுடையது.

மாயவரம் பக்கம் குத்தாலத்துக்குக் கிழக்கே எங்கள் ஊர். பாய் சவூதியில் தம்மாமில் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போட்டார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் லீவு. ஒரே பெண், ஜன்னத். அவர்கள் வீட்டுக் கொல்லைப்புற ஜன்னலைத் திறந்தால் நாங்கள் குத்தகைக்குச் சாகுபடி செய்த வயல். நடவு நடக்கும் நாளில் அந்தப் பிள்ளை ஜன்னல் கம்பியை விட்டு நகராது. குலவைச் சத்தம் கேட்டால் இதுவும் உள்ளேயிருந்து குலவை போடும்.

அப்போது போன் வசதி ஏது? பேச்சைக் கேசட்டில் பிடித்து, பயணம் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். ஒரு கேசட்டில் ஜன்னத் பொம்மை கேட்டாள்.

"கண்ணை மூடித் தொறக்குற பொம்மையெல்லாம் வேணாம் அத்தா. குனிஞ்சு நிமிர்ற பொம்மை வேணும்."

பாய் கடை கடையாக ஏறி இறங்கினார். இடுப்பு மடங்கும் பொம்மை என்றால் பட்டாளத்துப் பொம்மைதான் கிடைத்தது. ஏழு வாங்கி அனுப்பினார். அடுத்த கேசட்டில் பிள்ளை அதிகாரம் பண்ணியது.

"ஏழு ஆளு பத்தாது அத்தா. நம்ம கொல்லை வயலுக்கு இன்னும் நெறைய ஆளு வேணும். சீக்கிரம் அனுப்புங்க, நாத்து முத்திப் போவுது."

பாய் கடைப் பையன்கள் எல்லோரையும் கூட்டி வைத்துப் போட்டுக் காட்டிச் சிரித்திருக்கிறார். மறுநாள் ஊரிலிருந்து அவருக்குத் தந்தி போனது. பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல். மூன்றே நாளில் முடிந்துவிட்டது.

முதலாளியிடம் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு அவர் வந்து சேர்வதற்குள் நாற்பதாம் நாள் பாத்தியாவும் ஓதி முடித்துவிட்டார்கள். வந்தவர் நேரே கொல்லைப்புற ஜன்னலுக்குப் போனார். மாடத்தில் பொம்மைகள் பிள்ளை விட்டபடியே இருந்தன. ஆறு பேர் குனிந்த வரிசை. கடைசி ஆள் மட்டும் மல்லாந்து கிடந்தான்.

"அலுத்துப் போயி ஒருத்தனைப் படுக்க வெச்சிருக்கா பாரு, ராஜாங்கம்" என்றார் என்னிடம்.

அன்றைக்கே அவர் சம்சாரம் ஆமினா அக்கா சொல்லிவிட்டது. "உருவப் பொம்மை இருக்குற வீட்டுக்கு அல்லாவோட மலக்குமாருங்க வரமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அவ அழுவாளேன்னு விட்டுவெச்சேன். காய்ச்சல்ல கெடந்தப்பகூட எடுக்கல. தூக்கிப் போட வேணாம். ஆனா என் கண்ணுல படக்கூடாது."

பாய் பொம்மைகளைப் பெரிய தாம்பாளத்தில் நிறுத்தி, தளும்பத் தளும்பத் தண்ணீர் கொண்டுவருகிற மாதிரி வரப்பில் நடந்து எங்கள் மோட்டார் கொட்டகைக்கு வந்தார். மாயவரத்தில் இந்தப் பீரோவை வாங்கிப் போட்டார். கீழ்த்தட்டில் ஆறு பேரையும் அப்படியே இறக்கினார். படுத்தவனைப் படுத்தபடியே வைத்தார்.

"யாரும் இதுங்க கையைக் காலைத் தொடப்படாது தம்பி. அவ வெச்சபடி இருக்கணும். எனக்கு மிச்சம் இதுதான்."

சவூதிக்குத் திரும்பிப் போன பிறகும் அவர் வாங்குவதை நிறுத்தவில்லை. பிள்ளை கேட்ட ஆள்கணக்கு பாக்கி நின்றதே. அந்தக் கம்பெனி அந்த ரகத்தை நிறுத்திய பிறகு பழைய சாமான் சந்தைகளில் தேடினார். வெள்ளைக்காரர்கள் வீடு காலி பண்ணும்போது போய் நின்றார். கை போனது, நிறம் போனது எல்லாம் வந்தது. லீவில் வரும்போது இஸ்திரி போடுகிற கையால் ஒவ்வொன்றையும் துடைத்து மேல்தட்டில் நிறுத்துவார். ஒன்றையும் மடக்க மாட்டார். "இவனுங்களை எப்படி நிறுத்தணும்னு அவ சொல்லலியே" என்பார்.

விவசாயத் தொழிலாளர் சங்கத்து நல்லக்கண்ணு கொட்டகைக்கு வந்தால் சும்மா இருக்க மாட்டான்.

"என்ன பாய், மேல் தட்டு ஆளுங்களுக்கு வேலையே குடுக்க மாட்டேங்கிறீங்க? சங்கத்துல சொல்லிப் போராட்டம் வெக்கட்டுமா?"

"கீழ இருக்கறவன் வருஷக்கணக்கா முதுகை நிமித்தல. அவனுக்கு மொதல்ல கூலி உயர்வு வாங்கிக் குடுய்யா."

அப்படிச் சிரிக்கிற ஆள்தான். பெண்ணின் பெயரை மட்டும் வீட்டில் எடுத்ததில்லை. ஆமினா அக்காவும் எடுத்ததில்லை. கொட்டகைப் பக்கம் அது எட்டிப் பார்த்ததே இல்லை.

பாய் விசாவை முடித்துக்கொண்டு ஊரோடு வந்த பிறகுதான் எங்கள் நிலத்துக்குக் கேடு வந்தது. எங்கள் அப்பா காலத்திலேயே குத்தகைப் பதிவு ஆன நிலம் அது. நிலத்துக்குச் சொந்தக்காரரான பெரிய மிராசு செத்ததும் அவர் பிள்ளைகள், பதிவே செல்லாது, நிலத்தை விற்கப்போகிறோம் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். ஆட்சி மாறினால் எல்லாம் சரியாகும் என்று ஒரு கட்சிக்காரர் சொன்னார். மாறியது. அடுத்த தரம் மாறட்டும் என்று இன்னொரு கட்சிக்காரர் சொன்னார். அதுவும் மாறியது. குறுவை அறுத்துக் களம் ஏறிய மறுநாள் கோர்ட் அமீனாவும் போலீசும் புல்டோசரோடு வந்து நின்றார்கள். நாங்கள் வரப்பில் உட்கார்ந்தோம். எங்களை வேனில் அள்ளிப் போட்டார்கள். பாயும் வந்து உட்கார்ந்திருந்தார். கொட்டகையை மட்டும் விட்டுவிடச் சொல்லி அந்தக் கோர்ட் ஆளிடம் கைகூப்பினார். அவரையும் ஏற்றினார்கள்.

பொழுது சாய எங்களை விட்டபோது கொட்டகை இல்லை. மோட்டார் வாய்க்காலில் கிடந்தது. என் சம்சாரம் செவ்வந்தி சேற்றில் இறங்கிக் கவிழ்ந்த பீரோவைப் புரட்டி, ஒரு பொம்மை விடாமல் பொறுக்கி, அன்னக்கூடையில் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். கண்ணாடி தப்பிய பீரோவையும் ஆள் வைத்துத் தூக்கிவரச் செய்திருந்தாள். அதோடு விட்டாளா? சோப்புத்தூள் போட்டு அலசினாள். மூட்டு இடுக்கில் சேறு போக வேண்டுமே என்று கையைக் காலை நீட்டித் தேய்த்தாள். முண்டாசுகளைத் துவைத்துக் காயப்போட்டாள். எல்லோரையும் நேராக நிமிர்த்திக் கூடத்துச் சுவரில் சாய்த்து அணிவகுப்பு மாதிரி வைத்தாள்.

பாய் உள்ளே வந்து பார்த்தார். நின்றபடியே பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்தார்.

"நல்லாத் தொடச்சிருக்கம்மா" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் செவ்வந்திக்கு விளங்கியது. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள்.

நான் சொன்னேன். "நீங்க பாத்துப் பாத்துப் பழகினதுதானே அண்ணே. எப்படி இருந்துச்சோ அப்படியே மடக்கி வெச்சிடுங்க."

"எனக்கு மனப்பாடம்டா. ஆனா நான் மடக்கினா அது நான் மடக்கினது. அவ கை வெச்சது போச்சு."

ஒன்றைக் கையில் எடுத்தார், வைத்தார். சோறு போட்டோம், தொடவில்லை. மறுநாளும் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். அதற்கு மறுநாள் செவ்வந்தி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய் ஆமினா அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அக்கா வாசல்படியில் நின்றது. உள்ளே வந்தது. பாய்க்கு எதிரே உட்கார்ந்து, மேல்தட்டுப் பொம்மைகளை ஒதுக்கிவிட்டு, பழைய ஏழு பொம்மைகளையும் பார்த்த மாத்திரத்தில் பொறுக்கியது. முதல் ஆளின் இடுப்பை ஒரு மடக்கு, முட்டியை அரை மடக்கு. தலையில் முண்டாசு.

"நீ ஏன் புள்ள தொடுற?" என்றார் பாய். "அது அவ வெச்சது."

"அவளுக்கு எங்கங்க பலம் இருந்துச்சு? புது பொம்மை, முட்டியெல்லாம் கெட்டி. அவ சொல்லுவா, நான்தான் மடக்குவேன். 'இன்னும் குனியணும்மா, நாத்து மேலாப்புல நிக்கிது'ன்னு திட்டுவா. எல்லாம் இந்தக் கை வெச்சதுதான்."

அக்கா ஆறு பேரையும் குனிய வைத்தது. ஒருவருக்கும் மற்றவருக்கும் குனிவில் வித்தியாசம். இளைய ஆள், கிழவி, பிள்ளைத்தாய்ச்சி என்று அந்தக் குழந்தை பிரித்து வைத்ததை முணுமுணுத்துக்கொண்டே மடக்கியது. ஏழாவதை எடுத்து நிறுத்தப் போனது.

"அது படுத்திருக்கும்" என்றார் பாய்.

"எது?"

"அது. அலுத்துப் படுத்திருக்கறவன்."

அக்கா அவரைப் பார்த்தது. "இத்தினி வருஷமாப் படுக்கவா வெச்சிருந்தீங்க?"

"நான் வந்தப்ப அப்படித்தானே கெடந்துச்சு."

"அவளைக் குளிப்பாட்டக் கொல்லைக்குத் தூக்கிட்டுப் போனப்ப என் முந்தானை பட்டு விழுந்தது அது. நான் எடுத்து வெக்கல." பொம்மையைத் தொடையில் வைத்துத் துடைத்தது. "இது வரப்புல நிக்கிற ஆளு. இதுதான் அத்தாவாம்."

பாய் கேட்டார். "வரப்புல நின்னு என்ன பண்றேனாம்?"

"சும்மா நிக்கிறீங்க. சவூதியிலேர்ந்து வந்து நடவு பாக்குறீங்களாம். செருப்போட வரப்புல ஏறிட்டீங்கன்னு ஏசிக்கிட்டே இருந்தா."

பாய் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. எழுந்து எங்கள் கொல்லைப் பக்கம் போய்விட்டார். அவர் அங்கே அழுததைப் போல ஒரு ஆண்பிள்ளை அழுது நான் கேட்டதில்லை.

அக்கா ஏழாவது பொம்மையை நிறுத்திப் பார்த்தது. நிற்கவில்லை. உள்ளே இழுத்துப் பிடிக்கிற ரப்பர் இத்தனை வருஷத்தில் செத்துப் போயிருந்தது. முட்டி தானாக மடங்கி விழுந்தது. இரண்டு மூன்று தரம் நிறுத்திவிட்டு, பீரோக் கண்ணாடியில் சாய்த்து வைத்தது.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போறியாக்கா?" என்றாள் செவ்வந்தி.

"வேணாம் தங்கச்சி. இங்கயே இருக்கட்டும்."

பாய் மௌத்தாகி அடக்கம் பண்ணி நாலு வருஷம் ஆகிறது. அந்த நிலத்தில் இப்போது பிளாட் கல் நட்டிருக்கிறார்கள். ரோட்டில் செங்கல் லாரி போனால் எங்கள் வீடு அதிரும். கீழ்த்தட்டில் மற்ற ஆறு பேரும் அசைய மாட்டார்கள், அந்த ஒன்று மட்டும் சரிந்து விழும். செவ்வந்தி கை வேலையைப் போட்டுவிட்டு வந்து நிமிர்த்திச் சாய்த்துவிட்டுப் போவாள். அவள் இல்லாதபோது நான் வைக்கிறேன்.