மேகநோய்க்கு ஒரு மாதப் பத்திரிகை

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசகர் பின்னால் தாமே கண்டுபிடித்து மெனக்கெட வேண்டாம். ஜனங்கள் ஒளித்து வைக்கும் ஒரு நோயைப் பற்றி அச்சடித்து அனுப்பினால் ஆவலோடு வாங்கிப் படிப்பார்கள் என்று இலங்கை மலைநாட்டுப் பதுளை முழுவதிலும் நம்பியவன் நான் ஒருவன்தான்.

அப்போது கடைவீதியில் எனக்கு ஒரு சிறு மருந்துச்சாலை இருந்தது. தேயிலைத் தோட்டங்களில் வைத்தியம் பார்க்கும் டிஸ்பென்சர்மாருக்காக, மேகநோய் வைத்தியத்துக்கென்றே ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினேன். அதில் நான் சொல்ல வந்தது ஒரே சங்கதி. புருஷனுக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பாதீர்கள். பெண்சாதிக்கும் சொல்லுங்கள், அவளுக்கும் கொடுங்கள். இல்லாவிட்டால் நோய் திரும்பும், வயிற்றுப் பிள்ளையும் தங்காது. இதை எழுத அரைப் பக்கம் போதும். நான் ஓராண்டு எழுதினேன்.

அச்சகத்து முதலாளி மரியாதையான முஸ்லிம் வியாபாரி. முதல் இதழின் மூலப்பிரதியை நுனிவிரலால் தள்ளிவிட்டுச் சொன்னார்: "டாக்டர், ஒங்கட புண்ண அச்சுக் கோர்த்த கையாலதான் நாளைக்கு நிக்காஹ் கடுதாசி கோர்க்கணும். கொஞ்சம் யோசிங்க." யோசித்தேன். அவருடைய கல்யாண வேலையெல்லாம் முடிந்த பிறகே என் இதழ் அச்சேறும் என்று ஆயிற்று. அந்த வருஷம் பதுளையில் கல்யாணத்துக்குக் குறைவே இல்லை.

கட்டுரை எழுதியவர்கள் இன்னொரு வகை. ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஒருவர் 'அவ்விடம்', 'அவ்விடம்' என்றே நீளமாக எழுதி அனுப்பினார். நோய் முழங்கையிலா மூக்கிலா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கொஞ்சம் வெளிப்படையாக எழுதும்படி கெஞ்சினேன். தம் பெயரையும் எடுத்துவிடச் சொல்லிப் பதில் போட்டார்.

இவற்றையெல்லாம் தாங்கினேன். கவிழ்த்தது தபால். தோட்டத்துக்கு வரும் தபால் பையை ஆபீசில் கொட்டி, ஊர்க் கடிதத்துக்காகக் காத்து நிற்கும் கூட்டத்தின் முன்னால் கணக்கப்பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்து யாருக்கு என்ன என்று உரக்க வாசிப்பது வழக்கம். ஊவா மாகாணத்தில் இத்தனை காலம் இருந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும், பத்திரிகையின் பெயரை மேலட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். வைத்தியம் பார்க்கிறவர்களையெல்லாம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஜனங்கள் நோயாளிகளாக்கிவிட்டார்கள். பழுப்புக் காகிதத்தில் சுற்றி அனுப்பினேன். இரண்டே மாதத்தில் பழுப்புக் காகிதத்துக்கும் அதே பெயர் வந்துவிட்டது. கட்டுகள் பிரிக்காமலே திரும்பின.

திரும்பி வந்த ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு, மாட்டுவண்டி பிடித்து, பசறைக்கு அப்பால் ஒரு தோட்டத்து டிஸ்பென்சரிடம் நேரிலேயே போய் நின்றேன்.

"வாங்க, வாங்க. கட்ட வாசல்ல வைக்காதீங்க, உள்ள கொண்டாங்க" என்றார். "ஒங்க புஸ்தகம் வந்ததிலேருந்து வீட்டுல எனக்குத் தனிப் பாய்."

அப்போது பின்வாசல் வழியாக ஓர் இளைஞன் களிம்புக்கு வந்தான், தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். அவனுடைய பெண்சாதி ஆறு மாதக் கர்ப்பிணி என்றும், முந்தின பிள்ளை தங்கவில்லை என்றும், இன்னும் அவளுக்கு இவன் வாய் திறக்கவில்லை என்றும் டிஸ்பென்சர் என் காதில் சொன்னார்.

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு வருஷமாகத் தேடிய ஆள் அகப்பட்டுவிட்டான் என்ற சந்தோஷம்தான் வந்தது. கட்டைப் பிரித்து, என் கட்டுரையை நின்றபடியே அவனுக்கு முழுவதும் வாசித்தேன். பாவம், தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டான்.

"சொன்னா அவ தாய் வீட்டுக்குப் போயிருவா, ஐயா" என்றான்.

"போனா போகட்டும்ப்பா, அங்கயும் மருந்து குடுக்கலாம். சொல்லலேன்னா இந்தப் பிள்ளையும் போயிரும்" என்றேன். "பக்குவமா சொன்னா கேட்டுக்குவா. எப்படிச் சொல்லணும்னுகூட இதுல எழுதியிருக்கேன், பாரு."

அவன் பத்திரிகையைப் பார்க்கவில்லை; என்னைத்தான் பார்த்தான்.

"அப்ப நீங்களே வந்து சொல்லுங்க."